வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன்பே ஒரு நோட்டுப் போடுங்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில், என் வீட்டுக்குத் தென்புறம் வேப்பமரங்கள் நின்ற ஒரு பெரிய மனை இருந்தது. 2022 கடைசியில் அதைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். கார் நிறுத்தும் தளத்துக்கு மேல் 12 மாடி வரப்போகிறது என்று தெரிந்த அன்றைக்கே தெரு இரண்டாகிவிட்டது. எங்கள் அத்தான் மகன் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டான். நாலு வீடு தள்ளி இருக்கும் ஆச்சி, "கிணறு வத்திரும், வாறுகால் அடைச்சிரும், பாத்துக்கோ" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வாறுகால் என்றால் எங்கள் ஊரில் தெருவோரச் சாக்கடை. இந்தத் தெருவுக்கு இந்த உயரம் கூடாது என்பதுதான் என் எண்ணம், இன்றும் அதேதான். ஆனால் மூன்று வருஷமாக நான் வைத்திருக்கும் நோட்டு ஆச்சிக்கும் உதவியது, அத்தான் மகனுக்கும் உதவியது. உங்கள் தெருவிலும் இப்படி ஒன்று எழுந்தால் எதைப் பார்ப்பது, எதை எழுதிவைப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் தையல்காரி. என் அப்பா கொத்தனார். கட்டிட வேலை பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லித் தந்தது.

முதல் வேலை உங்கள் வீட்டுக்குள். எதிரே மண் எடுக்கும் முன்பே சொந்தச் சுவர்களைப் படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு அறையின் நாலு சுவர், கூரை, வாசல்படி, கிணற்று உறை எல்லாவற்றையும் எடுங்கள். விரிசல் இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசல் வளர்ந்தால் கோட்டைத் தாண்டும், யாரும் மறுக்க முடியாது. நான் இதைச் செய்யவில்லை. அஸ்திவாரத்துக்குப் பைல் (மண்ணுக்குள் போகும் கான்கிரீட் தூண்) இறக்கிய மாதத்தில் அடுக்களைச் சுவரில் ஒரு விரிசல் ஓடியது. போய்ச் சொன்னபோது, "இது பழைய விரிசல்மா" என்றார் அங்கிருந்த பொறியாளர். இல்லை என்று காட்ட என்னிடம் ஒரு படம்கூடக் கிடையாது. பூச்சு வேலைக்கு என் கைக்காசுதான் போனது. அதற்குப் பிறகுதான் நோட்டு வாங்கினேன்.

அப்புறம் தாள்கள். மனையின் முன்னால் வைக்கும் பலகையைப் படம் எடுங்கள். அதில் திட்ட அனுமதி எண், தேதி, மாடி எண்ணிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டிட விதிகள்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டிடம். அதாவது சுமார் 60 அடி. அதற்குமேல் போனால் விதிகள் வேறு. எவ்வளவு உயரம் போகலாம் என்பது சாலையின் அகலத்தைப் பொறுத்தது. கட்டிடத்தைச் சுற்றி விட வேண்டிய இடம் 30 மீட்டர் உயரம் வரை 7 மீட்டர். அதற்குமேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும், மிச்சமிருக்கும் துண்டு உயரத்துக்கும், ஒரு மீட்டர் கூடும். தீயணைப்பு வண்டி சுற்றி வர அந்த இடம் வேண்டும்.

ஒப்புதல் தந்த வரைபடத்தைப் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள். நான் எழுதியது இவ்வளவுதான்: இந்த சர்வே எண்ணில் வழங்கிய திட்ட அனுமதியின் நகல், ஒப்புதல் வரைபடத்தின் நகல், சாலையின் அகலம் குறித்துக் கோப்பில் உள்ள ஆவணம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, கோப்பை நேரில் பார்வையிட ஒரு நாள். கடைசி வரி முக்கியம். கோப்பை நேரில் பார்த்துக் குறிப்பு எடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. அலுவலகம் மாறி அனுப்பிவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம், உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எனக்கு மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் கோப்பு கண்ணில் பட்டது.

இந்தத் தாளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று அத்தான் கேட்டார். நொய்டாவில் இரட்டைக் கோபுரங்களை 2022 ஆகஸ்ட் 28 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்களே, அந்த வழக்கே அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் வரைபடம் கேட்டு அலைந்ததில்தான் தொடங்கியது. கேட்டபோது கொடுக்கவில்லை. 16 மீட்டர் இடைவெளி விட வேண்டிய இடத்தில் 9 மீட்டர்தான் இருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்போது கோபுரங்கள் முப்பது மாடி அளவுக்கு எழுந்துவிட்டன.

வீடு வாங்கியவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் ஒரு வழி உண்டு. மனை 500 சதுர மீட்டருக்கு மேல் என்றாலோ, எட்டு வீட்டுக்கு மேல் என்றாலோ ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கட்டுநர் அதன் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதைத் திறந்து உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள். ஒப்புதல் வாங்கிய வரைபடத்தை மாற்ற வேண்டுமானால் வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இது அத்தான் மகனுக்குத் தெரியாது.

இனி அன்றாட வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு ஒரு படம், ஒரே இடத்திலிருந்து. எங்கள் தட்டட்டியின் (மொட்டைமாடியின்) கைப்பிடிச் சுவரில் பெயின்டால் ஒரு கட்டம் போட்டு அதில்தான் போனை வைக்கிறேன். படத்தில் நகராத பொருள் ஒன்று இருக்க வேண்டும். எனக்கு அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

உயரத்தை நிழலை வைத்து அளக்கலாம். ஒரு மீட்டர் கம்பை நேராக நட்டு, தூக்குக்குண்டு பிடித்துச் சரிபாருங்கள். கம்பின் நிழலையும் கட்டிடத்து மூலையின் நிழலையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும், ஆகவே இரண்டு பேர் வேண்டும். கம்பின் நிழல் 1.20 மீட்டர், கட்டிடத்தின் நிழல் 24 மீட்டர் என்றால் உயரம் 20 மீட்டர். நிழல் சமதரையில் விழ வேண்டும். காலை அல்லது மாலையில் அளந்தால் நல்லது. நம் திருநெல்வேலிச் சீமையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும், நிழலே இருக்காது.

நிழல் பற்றிய சண்டைக்கும் இந்தக் கணக்குதான். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்வதால் நண்பகல் நிழல் வடக்கே, என் வீட்டுப் பக்கம் விழும். 39 மீட்டர் கட்டிடத்துக்கு அது சுமார் 24 மீட்டர் நீளம். ஆனியில் நிழல் தெற்கே, பின்தெருப் பக்கம் போய்விடும். பின்தெருக்காரர்கள் தை மாதத்தில் எங்களைப் பார்த்து, "எங்க இருக்கு நிழல்?" என்று கேட்டது பொய்யில்லை. அவர்களுடைய முறை ஆனியில் வந்தது.

கான்கிரீட் நாட்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். தளம் போட்ட தேதி, தளத்தை அடியில் தாங்கும் முட்டுப் பிரித்த தேதி, இரண்டையும் எழுதுங்கள். சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு இந்தியத் தர விதி 456 சொல்வது: 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்குமேல் 14 நாள். உத்திரங்களுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கும் மேல் 21 நாள். கலப்பு சிமென்டு என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். அப்பா தளம் போட்ட மறுநாள் காலையில் சிமென்டுக் கலவையால் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார். இரண்டாம் தளம் வரைக்கும் அந்தப் பாத்தி எங்கள் தட்டட்டியிலிருந்தே தெரியும், காலை வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னும். மின்னாத நாளையும் எழுதினேன். மூன்றாம் தளத்துக்குப் பிறகு மேலே எட்டிப் பார்க்க முடியாது. அப்போது தளத்தின் ஓரத்திலிருந்து சொட்டும் நீரைப் பாருங்கள். தூண்களில் சாக்கு சுற்றியிருக்கிறதா, சாக்கு நனைந்து கறுத்திருக்கிறதா, காய்ந்து வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். தெருவிலிருந்தே தெரியும்.

கான்கிரீட்டைக் கலந்தே கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரிகளை எண்ணுங்கள். லாரிக்கு சுமாராக 6 கன மீட்டர். 20 லாரி வந்தால் 120 கன மீட்டர், அதற்கு விதிப்படி ஆறு மாதிரி எடுக்க வேண்டும். மாதிரிக்கு மூன்று கான்கிரீட் கட்டி, ஆக 18 கட்டி. 15 சென்டிமீட்டர் இரும்பு அச்சில் ஒரு பையன் கலவையை நிரப்பிக் குத்திக்கொண்டிருப்பான், அவனைத் தேடுங்கள். 28ஆம் நாள் அந்தக் கட்டிகளை நசுக்கிப் பார்த்த முடிவை அத்தான் மகன் வாங்கியவன் என்ற முறையில் கேட்டான், காட்டினார்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடி இடிந்து 61 பேர் செத்தார்கள். அன்று ராத்திரி அப்பா டிவி முன்னால் உட்கார்ந்தவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். இறந்தவர்களில் பெரும்பாலோர் அவரைப்போல வேலைக்கு வந்தவர்கள்.

தண்ணீரை வாரம் ஒருமுறை பாருங்கள். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டால் மட்டம் தெரிந்துவிடும். ஆச்சியின் கிணறு அஸ்திவாரக் குழியில் நீர் இறைத்த நாட்களில் இறங்கி, இறைப்பு நின்றதும் ஏறியது. வத்தவில்லை, இறங்கியது. இரண்டும் ஒன்றல்ல என்பதை முடிச்சுக் கணக்கு காட்டிவிட்டது. ஆனால் வாறுகால் விஷயத்தில் ஆச்சி சொன்னது சரி. 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் குழி தெப்பக்குளம் போல் நிறைந்தது. சேற்றுநீரை அப்படியே வாறுகாலில் இறைத்துவிட்டார்கள். சேறு படிந்த உயரத்தை ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, தெருவில் 14 பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். தூர் வாரினார்கள்.

உள்ளே நுழையாதீர்கள். தொழிலாளர் முகம் தெரியப் படம் போடாதீர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் அவர்கள், நம் சண்டையில் அவர்கள் வேலை போகக் கூடாது. ராத்திரி 10 மணிக்கு மேல் மெஷின் ஓடினால் நேரத்தைக் குறித்துவைத்து, மறுநாள் பொறுப்பாளரிடம் பேசுங்கள்.

போன மாதம் வரைபட நகலோடு அத்தான் மகன் உள்ளே போய் டேப் பிடித்தான். சுற்றிலும் விட வேண்டிய 9 மீட்டர் சரியாகவே இருந்தது. நான் குறைவாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வழியிலேயே ஜெனரேட்டருக்கு ஒரு கான்கிரீட் மேடை கட்டியிருந்தார்கள், தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது. வரைபடத்தில் மேடை வேறு மூலையில் இருந்தது. வாங்கியவர்கள் ஒன்பது பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள், இப்போது உடைக்கிறார்கள். இனி பணி முடிப்புச் சான்றிதழ்தான் பாக்கி. அதன் நகலைக் கண்ணால் பார்க்காமல் சாவி வாங்காதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு எட்டரைப் படம் அதுவரை தொடரும்.