ஜோத்பூர் போனால் ஜஸ்வந்த் தாடாவைத் தவறவிடாதீர்கள்

மெஹ்ரான்கர் கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே இருக்கிறது ஜஸ்வந்த் தாடா. ஜோத்பூரை ஆண்ட மார்வார் மன்னர் இரண்டாம் ஜஸ்வந்த் சிங்கின் நினைவாக அவர் மகன் சர்தார் சிங் 1899இல் கட்டிய வெள்ளைப் பளிங்கு மண்டபம். வெயில் இருக்கும்போதே போங்கள். சில பளிங்குப் பலகைகள் அவ்வளவு மெல்லியவை. வெயில் பட்டால் உள்ளிருந்து பார்க்கும்போது சுவரே ஒளிரும். மாலை மங்கியபின் போனால் வெறும் வெள்ளைச் சுவர்தான். செருப்பைக் கழற்ற வேண்டும், வெயிலில் தரை சுடும், எதற்கும் காலுறை வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் மண்டோர் தோட்டத்துக்கும் ஆட்டோ பிடியுங்கள். ஜஸ்வந்துக்கு முந்தைய அரசர்களின் நினைவு மண்டபங்கள் அங்கேதான். செம்மணற்கல்லில் கோயில் மாதிரியே சிகரம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அஜித் சிங்குடையதை முதலில் பாருங்கள். என்னைக் கேட்டால், பளிங்கைவிட இதுதான் அழகு.