பௌத்தத்தில் புறப்பொருள் விவாதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவுக்கு வெளியே பொருள் உண்டா என்ற பௌத்த விவாதத்தில் குழப்பம் கலைச்சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. கருத்துமுதல்வாதம் என்றதும் எதிரில் பொருள்முதல்வாதத்தை நிறுத்திப் பழகிவிட்டோம். பௌத்தத்துக்கு இந்த ஜோடி பொருந்தாது. புறப்பொருள் உண்டு என்று அடித்துச் சொன்ன பௌத்தப் பிரிவினர் வைபாடிகர். அவர்கள் மரபில் எண்ணப்படும் 75 தருமங்களில், அதாவது அடிப்படைக் கூறுகளில், உருவம் எனும் பருப்பொருள் வகை 11 மட்டுமே. சித்தமும் (மனமும்) அதைச் சார்ந்தவையும் 47. வினையையும் மறுபிறப்பையும் அவர்கள் முழுதாக ஏற்றவர்கள். பொருள்முதல்வாதி வேண்டுமென்றால் மணிமேகலையில் வரும், பூதங்களின் சேர்க்கையே எல்லாம் என்னும் பூதவாதியிடம்தான் போகவேண்டும். வைபாடிகரைப் புறப்பொருள்வாதிகள் என்று எழுதுவதே சரி.

புறப்பொருள்வாதிகளுக்குள்ளும் பிரிவு உண்டு. பொருள் நேரே புலப்படுகிறது என்பது வைபாடிகம். அறிவில் படிந்த சாயலையே காண்கிறோம், வெளியே பொருள் இருப்பது அனுமானம் என்பது சௌத்திராந்திகம். இந்தப் படியை விட்டுவிட்டால், புறப்பொருளையே மறுக்கும் யோகாசாரம் எங்கிருந்து வந்தது என்றே புரியாது.

'உலகம் கனவு, அவ்வளவுதான்' என்று யோகாசார ஆசிரியர் வசுபந்துவைச் சுருக்குவதுதான் பெரிய தவறு. அவருடைய விம்சதிகா என்ற நூலில் கனவு ஓர் ஆட்சேபத்துக்கான பதில். பொருளே இல்லையென்றால் குறிப்பிட்ட இடத்திலும் நேரத்திலும் மட்டும் அது ஏன் தெரிகிறது என்று எதிர்வாதிகள் கேட்கிறார்கள். கனவிலும் அப்படித்தானே தெரிகிறது என்கிறார். புறப்பொருளை மறுக்கும் வாதம் பின்னால் வருகிறது. ஓர் அணுவின் நான்கு திசையிலும் மேலும் கீழுமாக ஆறு அணுக்கள் ஒட்டுவதாக வையுங்கள். ஒவ்வொன்றும் வேறுவேறு பக்கத்தைத் தொட்டால் நடு அணுவுக்கு ஆறு பகுதிகள் வந்துவிடும். பகுதி உள்ளது அணுவாகாது. ஆறும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஏழும் ஓரணு அளவிலேயே அடங்கும். அணுக்கள் சேர்ந்து குடம்போன்ற பொருள் திரளவே வழியில்லை. இந்த இடத்தைப் படிக்காமல் வசுபந்துவை ஏற்பதும் வீண், மறுப்பதும் வீண்.

'அப்படியானால் என் மனம் மட்டும்தான் உண்டா?' இல்லை. மனங்கள் ஒன்றையொன்று பாதிப்பதை அதே நூல் ஏற்கிறது. பிற மனங்களை நிறுவவே பௌத்தத் தர்க்க ஆசிரியர் தர்மகீர்த்தி தனிநூல் எழுதினார்.

எதற்கும் தனக்கென இயல்பு இல்லை என்னும் சூனியவாதத்தோடு யோகாசாரத்தைச் சேர்த்து எழுதுவதும் பிழை. சூனியவாதியான சந்திரகீர்த்தி தம் மத்தியமகாவதாரம் என்ற நூலின் 6ஆம் அதிகாரத்தில் யோகாசாரத்தை நேரடியாகவே மறுக்கிறார்.

யோகாசாரம் சொல்லும் ஆலய விஞ்ஞானத்தை, அதாவது வினையின் வித்துகளைத் தேக்கும் அடித்தள அறிவை, ஆன்மா என்று மொழிபெயர்க்காதீர்கள். அது வெள்ளம்போல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்கிறது வசுபந்துவின் இன்னொரு நூலான திரிம்சிகா. ஐம்புல அறிவு, மன அறிவு ஆகிய ஆறுக்கும் அடுத்து ஏழாவது அறிவான மனஸ்தான் அதைப் பற்றிக்கொண்டு 'நான்' என்று மயங்குகிறது. ஆன்மா என்று எழுதும்போது, அந்த மயக்கத்தையே அந்த நூலின் கொள்கையாக்கிவிடுகிறோம்.