மலை அப்புறம், ஊர் முதலில்: புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு மலைநடைப் பயணத் திட்டம்

நம் பக்கம் மலையில் நடக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சிகரத்தின் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பயணத்தை யோசிக்கத் தொடங்குகிறார்கள். எவரெஸ்ட் அடிவார முகாம், மச்சு பிச்சு, மோன் பிளாங் என்று பெயர் முதலில் வந்துவிடும். எந்த ஊரில் தங்குவது என்பது கடைசியில், அதுவும் அறை வாடகையைப் பார்த்து முடிவாகும். இந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறேன்.

முதல்முறை போகிறவருக்கு அடிவார ஊர்தான் பயணத்தின் பெரும்பகுதி. காலையில் அங்கிருந்து நடக்கப் போய், சாயங்காலம் சுடுதண்ணீரும் சூடான சாப்பாடும் கிடைக்கிற அதே இடத்துக்குத் திரும்ப முடிய வேண்டும். அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டாலும், முட்டி வலித்தாலும், கூட வந்த பிள்ளை இன்றைக்கு வேண்டாம் என்றாலும் அன்றைய திட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சிகரம் ஒன்றையே குறிவைத்துப் போனால் மாற்றிக்கொள்ள எதுவும் இருக்காது.

படி 1: உங்கள் நடையை செஞ்சியில் அளந்துகொள்ளுங்கள்

புதுச்சேரி பீச் ரோட்டிலும் கடலூர் சில்வர் பீச்சிலும் தினமும் நடப்பது நல்லதுதான், மூச்சு பழகும். ஆனால் அது சமதரை. ஏற்றத்தில் உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று அங்கே தெரியாது. கடலூர்க்காரர்களுக்குக் கேப்பர் மலையின் சரிவு பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரிக்காரர்கள் மயிலம் முருகன் கோவில் குன்றில் தொடங்கலாம். இரண்டும் பழக்கத்துக்கு மட்டும். அளந்து பார்க்கச் சரியான இடம் செஞ்சி ராஜகிரி. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ் செஞ்சி வழியாகத்தான் போகிறது. உச்சி, தரையிலிருந்து ஏறக்குறைய 800 அடி.

1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலையில் நடக்க எவ்வளவு நேரமாகும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு சொன்னார். கிலோமீட்டரில் சொன்னால், சமதரையில் ஒரு மணி நேரத்துக்கு 5 கிலோமீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். கைபேசியில் தூரமும் ஏற்றமும் பதிவாகும் ஏதாவது ஒரு செயலியை ஓடவிட்டு, முதுகில் நான்கைந்து கிலோ பையோடு ராஜகிரி ஏறுங்கள். நெய்ஸ்மித் கணக்குப்படி 40 நிமிடம் வரவேண்டிய ஏற்றத்துக்கு நீங்கள் ஒரு மணி நேரம் எடுத்தால், உங்கள் எண் 1.5. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், உலகத்தில் எந்தப் பாதைக்கும் உதவும்.

எப்படி என்று பார்ப்போம். ஒரு பாதை 12 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம், ஆக 3 மணி 54 நிமிடம். 1.5ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 6 மணி நேரம். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி நேரம் சேர்த்தால் 7. காலை 7 மணிக்குக் கிளம்பினால் மதியம் 2 மணிக்குத் திரும்பிவிடலாம். மலையில் மேகம் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரளும், ஆகவே இது நல்ல நேரம். 9 மணிக்குக் கிளம்பும் ஆளாக இருந்தால் வேறு பாதை பாருங்கள்.

இறங்குவதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். முட்டி தன் கணக்கைக் கேட்பது இறங்கும்போதுதான். செஞ்சியில் இறங்கிய மறுநாள் வீட்டு மாடிப்படி இறங்கும்போது தொடை எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். அடுத்தடுத்த நாட்களில் நடக்க முடியுமா, நடுவில் ஒரு நாள் இடைவெளி வேண்டுமா என்பது அதில் தெரிந்துவிடும்.

படி 2: விடுமுறைக்கு ஏற்ற மலை

லீவு எப்போது கிடைக்கிறதோ அப்போது எந்த மலை திறந்திருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் பெரிய விடுமுறை என்றால் மே மாதம். அந்த மாதத்தில் ஆல்ப்ஸ் போவது புதியவர்களுக்கு ஏமாற்றம். 2,000 மீட்டருக்கு மேலே பாதைகளில் பனி இன்னும் கிடக்கும், பல ரோப் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருப்பார்கள். அங்கே உயரமான பாதைகள் நன்றாகத் திறப்பது ஜூன் பின்பாதியிலிருந்து செப்டம்பர் வரை.

ஆயுத பூஜை, தீபாவளி ஒட்டி லீவு கிடைத்தால் நேபாளம். நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் அங்கே மழை விட்டு வானம் தெளிந்திருக்கும். அரையாண்டு விடுமுறைக்கு நியூசிலாந்து பொருந்தும், அங்கே அப்போது கோடை. பிப்ரவரி, மார்ச்சில் நாலைந்து நாள் எடுக்க முடிந்தால் இலங்கை மலையகம். உத்தரகாண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். பெருவில் மச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் இன்கா பாதையை ஒவ்வொரு பிப்ரவரியும் மூடிவிடுவார்கள்.

தமிழ்நாட்டுக் காடுகளுக்கும் இப்படி ஒரு காலண்டர் இருக்கிறது. மார்ச் 2018இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன பலர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. கோடைத் தீக்காலத்தில் வனத்துறை பாதைகளை மூடுவது அதனால்தான். அனுமதியில்லாமல் காட்டுக்குள் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, வழிகாட்டியோடு போக ஆன்லைனில் பதிவு செய்ய வைத்திருக்கிறார்கள். வெளிநாடு யோசிக்கும் முன் அதில் எளிதான ஒன்றாவது போய்வருவது நல்லது.

படி 3: எந்த உயரத்தில் தூங்கப் போகிறீர்கள்?

கடல்மட்டத்தில் வாழும் நமக்கு இதுதான் முக்கியமான படி. உயரத்தால் வரும் தொல்லை பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தொடங்குகிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று அது காட்டும். உடற்பயிற்சி செய்கிற இளைஞருக்கும் வரும். பொது விதி இது: 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் அதே உயரத்தில் தங்க வேண்டும். அறிகுறி தெரிந்தால் மேலே ஏறக் கூடாது. கூடினால் உடனே இறங்க வேண்டும்.

இந்த விதியை வைத்து ஊர்களைப் பாருங்கள். லடாக்கின் லே சுமார் 3,500 மீட்டர். காலையில் சென்னையில் விமானம் ஏறி டெல்லி வழியாக அங்கே போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் படுத்து ஓய்வெடுக்கத்தான் சரி. பெருவின் குஸ்கோ 3,400 மீட்டர்; எல்லோரும் பார்க்கப் போகும் மச்சு பிச்சுவோ 2,430தான். ஆகவே குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல் சுமார் 2,800 மீட்டரில் இருக்கும் ஒயாந்தாய்தாம்போவுக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம். நேபாளத்தின் பொக்காரா வெறும் 820 மீட்டர் அளவில் இருப்பதால் முதல் நாளே நன்றாகத் தூங்கலாம்.

குளிரையும் இப்படியே கணிக்கலாம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவார ஊரில் 20 டிகிரி என்றால் 1,500 மீட்டர் மேலே 10 டிகிரி, காற்று தனி.

படி 4: ஊரை வரைபடத்தில் சோதியுங்கள்

வரைபடத்தில் ஊரை வைத்து நான் முதலில் பார்ப்பது, அங்கிருந்து வண்டி பிடிக்காமலோ ஒரே பஸ்ஸிலோ தொடங்கக்கூடிய பாதைகள் எத்தனை என்பதை. இரண்டு மணி நேரப் பாதை ஒன்று, அரைநாள் ஒன்று, முழுநாள் ஒன்று என்று கலந்திருந்தால் ஊர் தேறிவிட்டது. ஒரே ஒரு புகழ்பெற்ற பாதைக்காக மட்டும் இருக்கும் ஊர் புதியவர்களுக்கு வேண்டாம். அப்புறம் கடைசி பஸ், கடைசி ரோப் கார் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். மருந்துக்கடை, ஏடிஎம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சுவிட்சர்லாந்தின் லௌட்டர்புருன்னன் இந்தச் சோதனையில் நன்றாகத் தேறும். அங்கே பாதை பிரியும் இடங்களில் மஞ்சள் பலகை இருக்கும். போகும் ஊரின் பெயர், பக்கத்தில் மணியும் நிமிடமும் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஓய்வு சேராது; உங்கள் செஞ்சி எண்ணை மனதில் வைத்துப் படியுங்கள். வெறும் மஞ்சள் என்றால் எளிய பாதை. வெள்ளை, சிவப்பு, வெள்ளைப் பட்டை இருந்தால் மலைப்பாதை, நல்ல காலணி வேண்டும். வெள்ளை, நீலம், வெள்ளை கண்டால் திரும்பிவிடுங்கள், அது அனுபவசாலிகளுக்கு.

படி 5: நமக்குப் பொருந்தும் சில ஊர்கள்

இலங்கையில் அப்புத்தளையைச் சொல்வேன். பக்கத்தில் ‘எல்ல’ என்ற ஊரில் கூட்டம் அதிகம். அப்புத்தளையில் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களிடம் வழி கேட்டுக்கொண்டே நடக்கலாம். தம்பத்தன்னை தேயிலைத் தொழிற்சாலை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து தோட்டச் சாலையில் சுமார் 7 கிலோமீட்டர் ஏறினால் லிப்டன் சீட் என்ற காட்சிமுனை. விடியற்காலையில் போய்விடுங்கள், பனிமூட்டம் வந்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

பொக்காராவில் முதல் இரண்டு நாள் ஃபேவா ஏரிக்கரைக்கு மேலே உள்ள சமாதான ஸ்தூபியும் சாரங்கோட்டும் போதும். கால் பழகியபின் கோரேபானி வழியாக பூன் ஹில். 3,210 மீட்டர் உச்சியில் விடியலைப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம், தூங்குவது அதற்குக் கீழேதான்.

பாரீசில் சித்தப்பாவோ அத்தையோ இருக்கும் வீடுகள் புதுச்சேரியில் நிறைய. அவர்களைப் பார்க்கப் போகும் கோடையில் நான்கு நாளை மோன் பிளாங்கின் அடிவார ஊரான ஷமோனிக்கு ஒதுக்குங்கள். ரயிலில் சேன் ழெர்வே போய், அங்கிருந்து சின்ன மலை ரயில். ஊர் 1,035 மீட்டர். ரோப் காரில் ஃபிளெஜேர் ஏறி, பள்ளத்தாக்குக்கு எதிரே மோன் பிளாங்கைப் பார்த்தபடி போகும் பால்கனிப் பாதையில் நடக்கலாம். 3,842 மீட்டரில் இருக்கும் எகுய் து மிடி சிகரத்துக்கு ரோப் காரில் ஒரேயடியாகப் போவதைக் கடைசி நாளுக்கு வையுங்கள்; உடம்பு பழகாமல் போனால் தலை சுற்றும்.

என் மனதுக்கு மிக நெருக்கமான பரிந்துரை இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் சிலாவோஸ். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் வம்சம் அந்தத் தீவில் வாழ்கிறது. இன்றும் அங்கே காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். மலைநடை உலகத்தில் அந்தத் தீவுக்குப் பெரிய பெயர் உண்டு, நம் ஊரில் அதை அறிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம். கடற்கரையிலிருந்து 400க்கும் மேற்பட்ட வளைவுகள் ஏறினால் 1,200 மீட்டரில் சிலாவோஸ். வாந்தி மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். சோறும் பருப்பும் கிடைக்கும். அந்த ஊர்ப் பருப்பு தீவு முழுக்கப் பிரபலம். பிரா ரூஜ் அருவிக்குச் சின்ன நடை இருக்கிறது. மலைக்கு அந்தப்புறம் சாலையே இல்லாத மஃபாத் பள்ளத்தாக்கு, அங்குள்ள கிராமங்களுக்கு நடந்துதான் போக வேண்டும். 3,070 மீட்டர் பித்தோன் தெ நேழ் சிகரம் ஏற விரும்புகிறவர்கள், வழியில் சுமார் 2,480 மீட்டரில் உள்ள விடுதியில் இரவு தங்கி விடியற்காலையில் உச்சிக்குப் போவார்கள். மே முதல் நவம்பர் வரை மழை குறைவு, ஆக நம் மே விடுமுறை இங்கே பொருந்துகிறது. தீவு பிரான்ஸைச் சேர்ந்ததானாலும், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் வராது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா விதியைத் தனியாக விசாரியுங்கள்.

படி 6: பணம் கட்டும் வரிசை

அனுமதிச் சீட்டு தேவைப்படும் பாதை என்றால் அது முதலில், விசா அப்புறம், டிக்கெட் அதற்குப் பிறகு. அறையைக் கடைசிவரை ரத்து செய்யக்கூடியதாகவே எடுங்கள். காப்பீட்டில் இரண்டு வரி தேடிப் படியுங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா. ஷெங்கன் விசாவுக்கு மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்; ஆனால் அந்தத் தொகை இருப்பதாலேயே மலை விபத்தும் அதில் அடங்கிவிடாது.

ஒவ்வொரு நாள் நடைக்கும் முந்தின இரவு, போகும் பாதை, கணக்குப்படி திரும்பும் நேரம் இரண்டையும் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தங்கும் விடுதியிலும் சொல்லிவிடுங்கள். அதற்கு இரண்டு மணி நேரம் கடந்தும் உங்களிடமிருந்து தகவல் இல்லையென்றால் யாரை அழைக்க வேண்டும் என்பதும் அதே செய்தியில் இருக்கட்டும்: விடுதியின் எண், அந்த நாட்டின் அவசர உதவி எண். பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்துகொண்டு அழைப்பதானால் 112.