புரொஜெக்டரை எங்கே மாட்டுவது? டிரில் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

புரொஜெக்டர் வாங்குவதற்கு முன்பே ஹாலை அளந்துவிடுங்கள். மாடலை மாற்றலாம், சுவரை நகர்த்த முடியாது.

முதலில் திரைக்கான சுவர். ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் சுவர் வேண்டாம், பகலில் படம் வெளுத்துவிடும். 16:9 அளவில், மூலைக்கு மூலை 100 இன்ச் திரை என்றால் அகலம் 87 இன்ச், உயரம் 49 இன்ச். அந்த அளவுக்கு மாஸ்கிங் டேப்பால் சுவரில் கட்டம் போடுங்கள். கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடியில் இருக்கட்டும். 10 முதல் 13 அடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். கழுத்தைத் தூக்காமல் முழுக் கட்டமும் தெரிந்தால் சரி.

அடுத்து தூரம். மாடலின் விவரத்தில் 'துரோ ரேஷியோ' என்று ஓர் எண் இருக்கும். அதைத் திரையின் அகலத்தால் பெருக்கினால் லென்ஸ் இருக்க வேண்டிய தூரம் வந்துவிடும். 1.2 என்றால் சுமார் 8 அடி 8 இன்ச், 1.5 என்றால் 10 அடி 10 இன்ச். பின்னால் பெட்டிக்கும் கேபிளுக்கும் காற்றுக்கும் இன்னும் ஒன்றரை அடி விடுங்கள்.

நம் வீடுகளில் பெரிய சிக்கல் ஃபேன்தான். ஹாலின் நடுவில் அது சுற்ற, புரொஜெக்டரைக் கூரையோடு ஒட்டி மாட்டினால் ஒளி இறக்கைகளுக்கு நடுவே புகுந்து வரும். படம் மின்னிக்கொண்டே இருக்கும். பல மாடல்களுக்கு லென்ஸ் திரையின் மேல் விளிம்பு மட்டத்தில், ஏறக்குறைய 7 அடியில், இருந்தால் போதும். லென்ஸ் வரும் இடத்திலிருந்து திரையின் மேல் மூலைகள் இரண்டுக்கும் நூல் கட்டி, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறக்கை நூலில் படக்கூடாது.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும்: மர உத்தரம், அதன்மேல் குறுக்கே அடுக்கிய செங்கல், சுண்ணாம்புக் காரை. அந்தச் செங்கலில் தயவுசெய்து டிரில் போடாதீர்கள், கட்டு தளர்ந்துவிடும். தட்டிப் பார்த்து கரையான் அரிக்காத உத்தரத்தில் மட்டும் திருகுங்கள். கூரை ரொம்ப உயரம் என்றால் புரொஜெக்டரைத் தொங்கவிடும் நீளக் குழாய் ஆடும். அங்கே பின்சுவரில் ஒரு பலகை அடிப்பதே நல்லது. பெட்டியைப் பலகையின் மேல் வைத்தால் படம் மேலே ஏறிவிடும். அடியில் தலைகீழாக மாட்டி, மெனுவில் படத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

லென்ஸ் திரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். கோணலான படத்தை நேராக்கும் 'கீஸ்டோன்' வசதியை நம்பிச் சாய்த்து வைத்தால் படத்தின் கூர்மை குறையும். அதனால் துளை போடும் முன் மேசைமேல் ஸ்டூல் வைத்து அதே தூரத்தில் ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள்.

கேபிளுக்கு, பின்னால் மாற்ற வசதியாக அகலமான பைப் போடச் சொல்லுங்கள். 4கே படத்துக்கு நீளம் 5 மீட்டரைத் தாண்டினால் ஆப்டிகல் (ஒளியிழை) எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள். கடலூர் சில்வர் பீச் பக்கம் போலக் கடலை ஒட்டிய வீடு என்றால் கடற்காற்று வரும் ஜன்னலருகே புரொஜெக்டர் வேண்டாம், உப்பு உள்ளே படியும். ஃபில்டர் உள்ள மாடலாக இருந்தால், ஏணி போட்டு அதைக் கழற்ற ஒரு பக்கம் இடம் விட்டு மாட்டுங்கள்.