எல்லை தாண்டும் துப்பாக்கி அனுமதி: அமெரிக்கச் சாலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கான அனுமதியை வழங்குவது அந்தந்த மாநிலம்தான்; வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி அரசு அன்று. ஒரு மாநிலம் கொடுத்த அனுமதியை மற்ற மாநிலங்கள் ஏற்றே ஆக வேண்டும் என்று சொல்லும் நாடு தழுவிய சட்டம் எதுவும் நடைமுறையில் இல்லை. அனுமதி வைத்திருப்பவர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டிருந்தும், நெடுஞ்சாலையில் மாநில எல்லைப் பலகையைக் கடக்கும் நொடியில் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. அதுவரை ஒரு வழக்கும் இல்லாமல் வாழ்ந்தவர்கள் ஒரே இரவில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது அதனால்தான்.

2013 அக்டோபரில் நடந்த ஒன்றைப் பார்க்கலாம். ஃபிலடெல்ஃபியாவில் வாழ்ந்த, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண், இரண்டு முறை வழிப்பறிக்கு ஆளான பிறகு, பென்சில்வேனியாவின் முறையான அனுமதியுடன் கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். டெலவேர் ஆற்றைத் தாண்டினால் நியூ ஜெர்சி. அங்கே அட்லாண்டிக் சிட்டி செல்லும் சாலையில், தடம் மாறியது சரியில்லை என்று காவலர் அவருடைய காரை நிறுத்தினார். தன்னிடம் துப்பாக்கி இருப்பதையும் அதற்கு அனுமதி இருப்பதையும் அந்தப் பெண் தாமாகவே சொன்னார். அவ்வாறு சொன்னால் காவலர் பதற்றப்பட மாட்டார், மரியாதையாக அனுப்பி வைப்பார் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் அனுமதியையும் ஏற்பதில்லை. அங்கே அது அனுமதியில்லாத துப்பாக்கி, அதற்குக் குறைந்தபட்சமே மூன்றரை ஆண்டுச் சிறை. நாற்பது நாள்களுக்கும் மேல் அவர் காவலில் இருந்தார். பின்னர் வழக்கு, சிறைக்குப் பதிலான சீர்திருத்தத் திட்டம் ஒன்றுக்கு மாற்றப்பட்டு, 2015 ஏப்ரலில் அப்போதைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். ஆளுநரின் மன்னிப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அவர் செய்த தவறு மிக இயல்பானது. ஓட்டுநர் உரிமம் நாடு முழுவதும் செல்லுபடியாகும்போது இதுவும் செல்லுபடியாகும் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் ஓட்டுநர் உரிமம் எங்கும் ஏற்கப்படுவது அரசியலமைப்பின் கட்டளையால் அன்று; ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்தில் அதை ஏற்றுக்கொண்டிருப்பதால்தான். துப்பாக்கி விஷயத்தில் அந்த ஒருமித்த மனம் இல்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, மேரிலாந்து, ஹவாய் போன்றவை வெளி மாநில அனுமதி எதையும் ஏற்பதில்லை. இன்னும் சில மாநிலங்கள் தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் ஏற்கின்றன. நியூயார்க் மாநிலத்துக்குள்ளேயே, மாநிலத்தின் பிற பகுதிகளில் பெற்ற உரிமம் நியூயார்க் நகரத்தில் தனி ஒப்புதல் இல்லாமல் செல்லாது.

இரண்டாவது தவறு, ஒரு மாநில அனுமதியை நாடு முழுவதும் ஏற்கச் செய்யும் சட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று நம்புவது. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ஏனென்றால் செய்தி அடிக்கடி வருகிறது. 2009இல் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் இதற்காக வந்த திருத்தம் 58க்கு 39 என்ற பெரும்பான்மை பெற்றும் தோற்றது. 2013இல் இன்னொன்று 57க்கு 43 பெற்றும் தோற்றது. இரண்டுக்கும் தேவைப்பட்டது 60 வாக்கு. 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் அவை எச்.ஆர். 38 என்ற மசோதாவை 231க்கு 198 என்ற கணக்கில் நிறைவேற்றியது; அன்றைய தலைப்புச் செய்திகளைப் பார்த்தவர்கள் சட்டமே வந்துவிட்டது என்று எண்ணியதில் வியப்பில்லை. மேலவையில் அது நிறைவேறவே இல்லை. 2025இல் வட கரோலினா உறுப்பினர் ரிச்சர்ட் ஹட்சன் அதே எண்ணில் மீண்டும் கொண்டுவந்த மசோதா, அவையின் நீதிக் குழுவைத் தாண்டியது. குழு ஒப்புதலும் அவை ஒப்புதலும் சட்டமாகிவிடா. ஒரு வேளை நாளை அது நிறைவேறினாலும், தனியார் இடங்களிலும் அரசுக் கட்டடங்களிலும் துப்பாக்கிக்குத் தடை விதிக்கும் மாநில அதிகாரத்தை இந்த மசோதாவின் வாசகமே விட்டுவைக்கிறது என்பதையும் ஆதரவாளர்களில் பலர் கவனிப்பதில்லை.

நாடு முழுவதும் செல்லும் அனுமதி என்று இன்று இருப்பது 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான். அதுவும் தகுதி பெற்ற காவல் அலுவலர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் உரியது. தனியார் காவலாளி வேலைக்கான அட்டை வைத்திருப்பவர் தமக்கும் அது பொருந்தும் என்று கருதக் கூடாது.

2022 ஜூன் 23இல் வந்த ப்ரூயன் தீர்ப்பைத் தவறாக வாசிப்பதும் பரவலாக உள்ளது. தற்காப்புக்காகப் பொது இடத்தில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் கூறியது; அனுமதி கேட்பவர் தமக்கென்று தனிப்பட்ட காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் விதியை ரத்து செய்தது. ஆனால் அனுமதி முறையையே அது ரத்து செய்யவில்லை. ஒரு மாநிலத்தின் அனுமதியை இன்னொன்று ஏற்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. உரிமை இருக்கிறது என்பது ஒன்று, கையில் உள்ள அட்டை இந்த ஊரில் செல்லும் என்பது வேறொன்று.

அடுத்தது, பழைய பட்டியலை நம்புவது. எந்த மாநிலம் எந்த மாநிலத்தை ஏற்கிறது என்ற வரைபடத்தைக் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அதையே பார்ப்பவர்கள் உண்டு. 2015 டிசம்பரில் வர்ஜீனியாவின் அன்றைய தலைமை வழக்கறிஞர் மார்க் ஹெரிங், 25 மாநிலங்களின் அனுமதியை இனி ஏற்பதில்லை என்று அறிவித்தார். அது நடைமுறைக்கு வரும் முன்பே ஆளுநரும் சட்டமன்றமும் உடன்பாடு கண்டு, 2016 ஜூலையிலிருந்து வெளி மாநில அனுமதிகளைப் பரவலாக ஏற்கும் சட்டம் வந்தது. ஏழே மாதங்களில் கதவு மூடப்போய் மீண்டும் திறந்தது. ஆகவே புறப்படும் வாரத்திலேயே, செல்லும் வழியில் உள்ள ஒவ்வொரு மாநிலத்தின் காவல் துறை அல்லது தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் அதிகாரப்பூர்வத் தகவலைப் பார்ப்பதே முறை. சென்று சேரும் ஊரை மட்டும் பார்ப்பது போதாது.

வெளி மாநிலத்தவருக்கு யூட்டா, அரிசோனா, ஃபுளோரிடா ஆகியவை வழங்கும் அனுமதிகளும் இந்த இடத்தில் பலரை ஏமாற்றுகின்றன. பல மாநிலங்கள் யூட்டா அனுமதியை ஏற்கின்றன என்பது உண்மை. ஆனால் கொலராடோவும் மிச்சிகனும், அனுமதி கொடுத்த மாநிலத்திலேயே வசிப்பவரின் அனுமதியை மட்டுமே ஏற்கின்றன. டெட்ராய்ட்டுக்குச் செல்லும் ஓஹியோக்காரர் கையில் ஓஹியோ அட்டை இருந்தால் பாதகமில்லை. யூட்டா அட்டை மட்டும் இருந்தால் அவர் அனுமதியற்றவர். 2013இல் பென்சில்வேனியாவும் ஃபுளோரிடாவுடனான உடன்பாட்டை இதே போல் ஃபுளோரிடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது.

அனுமதியே தேவையில்லை என்று சட்டம் இயற்றிய மாநிலங்கள் 2024 நடுவில் 29 ஆகின. இதனால் பிறக்கும் தவறு, அட்டை எதற்கு என்று அதை வாங்காமலே விடுவது. செயின்ட் லூயிஸ் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரியிலிருந்து மிசூரியில் அனுமதியில்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம். மிசிசிப்பி ஆற்றின் பாலத்தில் சில நிமிடங்கள் சென்றால் இல்லினாய். அங்கே அனுமதி கட்டாயம், மிசூரி அனுமதியையும் அது ஏற்பதில்லை. சொந்த மாநிலத்தில் எடுத்துச் செல்லத் தகுதியுள்ள வெளி மாநிலத்தவர் காருக்குள் இருக்கும் வரை இல்லினாய் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. காரை விட்டு இறங்கினால் துப்பாக்கியைக் காருக்குள்ளேயே பூட்டி வைத்துவிட வேண்டும். பெட்ரோல் போட இறங்கும் அந்த ஒரு நிமிடத்தில் இடுப்பில் துப்பாக்கி இருப்பதே குற்றம்.

அட்டை இல்லாதவர்களைச் சத்தமில்லாமல் பிடிக்கும் இன்னொரு கண்ணி, பள்ளி வளாகத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கியைத் தடை செய்யும் கூட்டாட்சிச் சட்டம். 1990இல் வந்து, உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பின் 1996இல் திருத்தி எழுதப்பட்ட அந்தச் சட்டம், எந்த மாநிலத்தில் பள்ளி இருக்கிறதோ அந்த மாநிலமே உரிமம் வழங்கியிருந்தால்தான் விலக்கு அளிக்கிறது. வெளி மாநில அனுமதியை உள்ளூர் அரசு ஏற்றுக்கொண்டாலும் விலக்கு கிடைக்காது என்பதே கூட்டாட்சித் துப்பாக்கித் துறையின் விளக்கம். எந்த ஊரின் சாலையில் சென்றாலும் ஏதாவது ஒரு பள்ளியின் 1,000 அடிக்குள் செல்லாமல் இருக்க முடியாது. வழக்குகள் அரிதாகவே பதிவாகின்றன என்பது ஆறுதல்தான், பாதுகாப்பு அன்று. குண்டுகளை அகற்றி, பூட்டிய பெட்டிக்குள் வைத்துக் கடந்தால் இந்தச் சட்டம் தொடாது.

அனுமதி ஏற்கப்படும் மாநிலத்துக்கே சென்றாலும், சொந்த ஊர் விதிகள் கூடவே வருவதில்லை. நிற்கும் மண்ணின் சட்டமே ஆளும். கொலராடோவில் 15க்கு மேல் குண்டு கொள்ளும் மேகசினுக்குத் தடை உண்டு. அனுமதி சரியாக இருந்தும் மேகசினால் சிக்கியவர் ஆகலாம். மிச்சிகனில் காவலர் நிறுத்தியவுடன், அவர் கேட்கும் வரை காத்திராமல், துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வேண்டும். ஓஹியோவில் 2022 ஜூன் முதல் அவர் கேட்டால் மட்டும் சொன்னால் போதும். டெக்சஸில் கடை வாசலில் 30.06 என்ற எண்ணிட்ட அறிவிப்பு இருந்தால், அதை மீறி மறைத்த துப்பாக்கியுடன் நுழைவதே குற்றமாகிவிடும். வேறு பல மாநிலங்களில் அத்தகைய பலகைக்கு அந்த வலிமை இல்லை. தேசியப் பூங்காக்களில் 2010 முதல் அந்தந்த மாநிலச் சட்டமே பொருந்துகிறது, ஆனால் பூங்காவின் அலுவலகக் கட்டடங்களுக்குள் கூட்டாட்சித் தடை தொடர்கிறது.

மிகப் பெரிய தவறு என்று நான் கருதுவது 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பான பயண விதியைப் பற்றியது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கியை வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் சட்டப்படி சரியென்றால், இடையில் உள்ள மாநிலங்கள் வழியே அதைக் கொண்டு செல்லலாம் என்று அது கூறுகிறது. உடலில் வைத்துக்கொள்ளும் உரிமையை அது தருவதில்லை. குண்டுகள் அகற்றப்பட்டிருக்க வேண்டும். துப்பாக்கியும் குண்டுகளும் பயணிகள் அமரும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. பின்பெட்டி தனியாக இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டி வேண்டும். முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறு அறையும் இருக்கைகளுக்கு நடுவே உள்ள அறையும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது.

2005இல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்கு விமானத்தில் புறப்பட்டார். துப்பாக்கியை விதிப்படி பூட்டிய பெட்டியில், சரக்குப் பெட்டிகளோடு ஒப்படைத்திருந்தார். நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் இணைப்பு விமானம் தவறியது. பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு அன்றிரவு ஓட்டலில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் துப்பாக்கி இருப்பதை நேர்மையாக அறிவித்தார். கைது செய்யப்பட்டுச் சில நாள்கள் சிறையில் இருந்தார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அவர் தொடுத்த வழக்கில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓட்டலில் இருந்த இரவில் பெட்டி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் 1986ஆம் ஆண்டுச் சட்டம் அவரைக் காக்காது என்று தீர்ப்பளித்தது. இப்படிச் சிக்கிக்கொள்பவர் பெட்டியை வாங்கும் முன்பே விமான நிலையக் காவலரிடமோ ஊழியரிடமோ செல்லலாம் என்றும் அந்த நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. இந்த வாக்கியத்தை, துப்பாக்கியுடன் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக விமானம் மாறும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். கூடுமானால் நியூவர்க்கிலோ நியூயார்க்கிலோ விமானம் மாறாத பயணச் சீட்டையே வாங்குவது நல்லது.

விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 2023இல் மட்டும் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் 93 விழுக்காடு குண்டு நிரப்பியவை. பலரும் சொன்ன காரணம், பையில் இருந்ததை மறந்துவிட்டோம் என்பதே. பயணப் பையையும் துப்பாக்கிப் பையையும் ஒன்றாக வைத்திராமல், தனித்தனியே வைத்திருப்பது ஒன்றே இதற்கு வழி.

அமெரிக்காவில் பணியாற்றும் தமிழர்கள் பலருக்கு இவை அனைத்துக்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கியையோ குண்டையோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வாரக் கடைசியில் நண்பர்களுடன் சுடும் பயிற்சிக் கூடத்துக்குச் சென்று வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதில் அடங்கும். பச்சை அட்டை வைத்திருப்பவர் வாங்கலாம், அனுமதியும் பெறலாம். ஆனால் அவருக்கும், துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெறுவது நாடு கடத்தப்படுவதற்குத் தனிக் காரணமாகக் குடியேற்றச் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. அரசுத் தரப்போடு பேசிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, குடிமகனுக்குச் சிறு அபராதத்தோடு முடியும் சமரசம், பச்சை அட்டைக்காரருக்குக் குடும்பத்தைப் பிரிக்கும் தீர்ப்பாகலாம். எனவே எல்லை தாண்டிய வழக்கில் சிக்கிய வெளிநாட்டுக் குடிமகன், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் காகிதத்தில் கையெழுத்திடும் முன், குற்றவியல் வழக்கறிஞரோடு குடியேற்ற வழக்கறிஞரையும் கட்டாயம் கலந்து பேச வேண்டும்.