தோவாளைப் பூவும் டூயோடோனும்: கிம்ப்பில் இரண்டே நிறத்தில் ஒரு படம்

தோவாளைப் பூச்சந்தையில் விடியற்காலையில் எடுத்த படம். கூடை நிறையச் சிவப்பு அரளி, இடையிடையே பச்சை இலை. டூயோடோன் ஆக்கிப் பார்த்தால் பூ எது, இலை எது என்றே தெரியவில்லை. ஒரே களியாகக் கிடந்தது. மூன்று நாள் நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கோளாறு நிறத்தில் இல்லை, அதற்கு முந்தைய படியில்.

டூயோடோன் அச்சகத்தில் பிறந்த வேலை. ஒரே படத்தைக் கறுப்பு மையில் ஒருமுறை, வேறொரு மையில் இன்னொருமுறை அடிப்பார்கள். (கோயில் கொடை நோட்டீஸில் இரண்டு நிறம் பார்த்திருப்பீர்கள். அதில் எழுத்து ஒரு நிறம், பார்டர் ஒரு நிறம். இது அது இல்லை.) கணினியில் இருட்டுக்கு ஒரு நிறம், வெளிச்சத்துக்கு ஒரு நிறம், நடுவில் இரண்டும் கலந்து வரும்.

நான் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில்தான் செய்கிறேன், காசு கிடையாது. போட்டோஷாப்பில் டூயோடோன் என்றே ஒரு மோட் உண்டு, ஆனால் 8-பிட் கிரேஸ்கேல் (வெறும் சாம்பல்) படத்துக்குத்தான் திறக்கும். அங்கேயும் கிரேடியன்ட் மேப் (வெளிச்ச அளவுக்கு ஏற்ப நிறத்தை மாற்றிப் போடுவது) லேயர், அதாவது அடுக்குதான் லேசு.

படத்தைத் திறந்து லேயரை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாம்பல் ஆக்குவது. நான் வழுக்கியது இங்கேதான். இமேஜ் > மோட் > கிரேஸ்கேல் போகாதீர்கள். போனால் பிறகு எந்த நிறம் கொடுத்தாலும் சாம்பலாகவே வரும். படம் ஆர்ஜிபியிலேயே (சிவப்பு, பச்சை, நீலம் கலந்த வண்ண மோட்) இருக்கட்டும். சாதாரண டீசாச்சுரேட்டும் (நிறத்தை உறிஞ்சிச் சாம்பலாக்கும் கட்டளை) போதவில்லை. அரளியின் சிவப்பும் இலையின் பச்சையும் வெளிச்ச அளவில் ஏறக்குறைய ஒன்று, அதனால் ஒரே சாம்பலாகிவிடுகின்றன. கலர்ஸ் > டீசாச்சுரேட் > மோனோ மிக்சர் (எந்த நிறம் எவ்வளவு சாம்பலுக்குப் போக வேண்டும் என்று நாமே சொல்லும் இடம்) திறந்து, சிவப்பை 0.8, பச்சையை 0.2, நீலத்தை 0 என்று வைத்தேன். பூ பளிச்சென்று மேலே வந்தது, இலை இருட்டுக்குள் இறங்கியது. மூன்றின் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டினால் வெளிச்சமான இடங்கள் வெளுத்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். உயரமான தூண்கள் மேல் கால்வாய் போகும் மாத்தூர் தொட்டிப்பாலம் போன்ற படம் என்றால் இந்தத் தலைவலியே இல்லை. வானத்துக்கு எதிரே நிற்கும் தூண்கள் எந்தச் சாம்பலிலும் பிரிந்து தெரியும்.

சரி, இனி நிறம். கருவிப்பெட்டியில் இருக்கும் இரண்டு நிறக் கட்டங்களில், போர்கிரவுண்டில் ஆழ்நீலம் (சிவப்பு 20, பச்சை 25, நீலம் 85), பேக்கிரவுண்டில் இளமஞ்சள் (255, 214, 90). கிரேடியன்ட் பட்டியலில் போர்கிரவுண்டிலிருந்து பேக்கிரவுண்டுக்குப் போகும் ஆர்ஜிபி கிரேடியன்ட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கலர்ஸ் > மேப் > கிரேடியன்ட் மேப். கேள்வியே கேட்காமல் சட்டென்று மாறிவிடும். படம் பிலிம் நெகட்டிவ் மாதிரி வந்தால் நிறங்கள் இடம் மாறிக் கிடக்கின்றன என்று அர்த்தம். அன்டூ செய்து, எக்ஸ் விசையைத் தட்டி, மறுபடி ஓட்டுங்கள். இரண்டு நிறமும் நடுத்தரமாக இருந்தால் படம் சோர்ந்துவிடும். ஒன்றாவது நல்ல இருட்டாக இருக்கட்டும்.

பின்சேர்க்கை: முட்டம் கடற்கரை அஸ்தமனப் படத்தில் வானம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். என் படத்தில் வானமே இல்லை, அதனால் எனக்கு உறைக்கவில்லை. வேலை தொடங்கும் முன்பே இமேஜ் > ப்ரிசிஷனில் 16 பிட்டுக்கு மாற்றுங்கள், நிறப் படிகள் நுணுக்கமாகும். கடைசியில் பில்டர்ஸ் > நாய்ஸ் > ஆர்ஜிபி நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) துளியூண்டு தூவினால் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும். கண்ணுக்குப் புள்ளி தெரிகிற அளவுக்குத் தூவிவிடாதீர்கள், அப்புறம் வானம் முட்டத்து மணல் மாதிரி ஆகிவிடும்.