லெகசியா, யூஈஎஃப்ஐயா? மாற்றும் முன் வட்டைப் பாருங்கள்

திருகோணமலையில் பாவித்த கணினி வாங்கி விண்டோஸ் 11 போட நினைப்பவர்கள், முதலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து ‘பயோஸ் மோட்’ வரியைப் பாருங்கள். லெகசி (கணினியைத் தொடக்கும் பழைய முறை) என்றிருந்தால், விண்டோஸ் 11 கேட்கும் புதிய முறையான யூஈஎஃப்ஐக்கு உடனே செட்டப்பில் (கணினி எழும்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) மாற்றிவிடாதீர்கள். வட்டு எம்பிஆர் என்ற பழைய பகுதிப் பிரிப்பு முறையில் இருந்தால் கறுப்புத் திரையில் ‘நோ பூட் டிவைஸ்’ என்று நின்றுவிடும். பயப்பட வேண்டாம், தரவு அழியவில்லை. லெகசிக்குத் திருப்பினால் எழும்பும்.

முக்கிய கோப்புகளை வெளியே நகலெடுத்துவிட்டு, எம்பிஆர் வட்டை யூஈஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி முறைக்கு மாற்றும், விண்டோஸ் 10இலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியை நிர்வாகி உரிமையுடன் முதலில் வெலிடேட் (சரிபார்க்க), பிறகு கன்வெர்ட் (மாற்ற) என்று ஓட்டுங்கள். ஓடும் விண்டோஸுக்குள்ளேயே இயக்க அனுமதிக்கும் அலவ்ஃபுல்ஓஎஸ் என்ற சொல்லை இரண்டு தடவையும் கட்டளையில் சேர்க்க வேண்டும். வட்டில் மூன்றுக்கு மேல் பிரைமரி (முதன்மை) பகுதிகள் இருந்தால் கருவி மறுத்துவிடும். நடுவில் கரண்ட் போகக் கூடாது, மேசைக் கணினிக்கு யூபிஎஸ் கட்டாயம். அதன் பிறகே செட்டப்பில் மாற்றுங்கள்.